விலாசத்தில் ஒரு சிறு குறி. விளைவில் பெருங் குழப்பம்!

இன்டர்நெட்டு விலாசங்களில் தமிழ் படும் பாடும், திருடர்கள் போடும் வேஷமும்

தபால் உறையின் மேல் "காந்தி ரோடு" என்பதற்குப் பதிலாகக் "காந்தி வீதி" என்று எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரருக்குத் தெருவும் தெரியும், ஆளும் தெரியும்.

கம்ப்யூட்டருக்கு அப்படி எதுவும் தெரியாது. ஒரு புள்ளி கூடினால் அதற்கு வேறு வீடு. ஒரு கோடு குறைந்தால் வேறு ஊர். எழுதியது எழுதியபடியே அது படிக்கும்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்வதும், ரெயில் டிக்கெட் வாங்குவதும், மளிகைக் கடையில் பணம் கொடுப்பதும் இன்டர்நெட்டு விலாசங்கள் மூலம் நடக்கின்றன. "லிங்க்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான் அந்த விலாசம். அதில் ஒரு சிறு குறியைத் தவறாகக் கையாண்டால் பக்கம் திறக்காது. பெயர் பாதியில் அறுந்து போகும். சில வேளைகளில் திருடனுக்கே கதவு திறந்துவிடும்.

கற்பனை அல்ல. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களை ஆட்டிவைத்த பெரிய தாக்குதல் ஒன்று இந்த வழியாகத்தான் நுழைந்தது. தமிழில் விலாசம் எழுதினால் அது ஏன் அலங்கோலமாக மாறுகிறது என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில் இருக்கிறது.

விலாசம் பிறந்த கதை

1989-ம் ஆண்டு. ஜெனிவா நகருக்கு அருகே "செர்ன்" என்ற அணு ஆராய்ச்சிக் கூடம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஒரு கம்ப்யூட்டரில் உள்ள தகவலை இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துப் படிக்க ஒரு திட்டம் தந்தார். அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய "வெப்".

தகவல் எங்கே இருக்கிறது என்று சொல்ல விலாசம் வேண்டும் அல்லவா? அந்த விலாசத்தை எப்படி எழுதவேண்டும் என்ற விதிகள் 1994 டிசம்பரில் வெளியாயின. 2005 ஜனவரியில் அவை திருத்தி எழுதப்பட்டன. அந்தத் திருத்த விதிகள்தான் அடிப்படை.

விலாசத்தில் பல பகுதிகள் உண்டு. முதலில், எந்த முறையில் பேசுவது என்ற அறிவிப்பு. அடுத்து, கம்ப்யூட்டரின் பெயர். பிறகு, உள்ளே எந்த அறை, எந்த அலமாரி என்ற வழி. அதற்கும் பிறகு ஒரு கேள்விக்குறி போட்டு, கேட்க வேண்டிய விவரங்கள். கடைசியில் "#" குறி போட்டு, பக்கத்தில் எந்த இடம் என்ற அடையாளம்.

பெயருக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள் வருகின்றன. "அந்த இரட்டைக் கோடு தேவையே இல்லை" என்று 2009-ல் பெர்னர்ஸ்-லீயே ஒப்புக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. உலகம் முழுவதும் இரட்டைக் கோடு பழகிவிட்டது.

ஒரு குறிக்கு இரண்டு வேலை

பகுதிகளைப் பிரித்துக் காட்ட வேலி வேண்டும். சாய்கோடு, கேள்விக்குறி, "#", "&", "=", "@", "+" முதலிய 18 குறிகள் அந்த வேலைக்காக ஒதுக்கப்பட்டன.

தயக்கம் இல்லாமல் எங்கும் எழுதக்கூடியவை 66 மட்டுமே. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, சிறு கோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகிய நான்கு. அவ்வளவுதான்!

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வேலியாக நிற்கும் "&" குறி, மனிதர்கள் எழுதும் பெயரிலும் வருகிறது. "அண்ணாமலை & சன்ஸ்" என்று கடைக்குப் பெயர் வைக்கிறார்கள். விலாசத்தில் அந்த "&" வேலியா, பெயரின் பகுதியா? கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு மாற்று வேஷம் கண்டுபிடித்தார்கள். குறி பெயரின் பகுதியாக வரும்போது அதை அப்படியே எழுதக்கூடாது. சதவிகிதக் குறி போட்டு, அந்தக் குறிக்குரிய எண்ணை எழுத வேண்டும். "&" என்றால் %26. "#" என்றால் %23. "@" என்றால் %40. வார்த்தைகளுக்கு இடையே விடும் வெற்றிடத்துக்கு %20.

இந்த எண்கள் பத்துப் பத்தாக எண்ணும் கணக்கில் வருபவை அல்ல. பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு. அதனால் 0 முதல் 9 வரை போதாமல், ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் எண்களாகச் சேர்ந்து வரும்.

வேலி வேலியாகவே நிற்கும். பெயரில் உள்ள குறி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேஷத்தைக் கலைத்துவிடலாம். ஏற்பாடு அருமையானது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் மறந்தால்?

கடைப் பெயர் அறுந்த கதை

யூ.பி.ஐ. பண முறை 2016-ல் வந்தது. இன்று இளநீர்க் கடையிலும் அதன் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. அந்த அட்டையில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஒரு விலாசம்தான். யாருக்குப் பணம், அவர் பெயர் என்ன, தொகை எவ்வளவு என்ற விவரங்கள் அதில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே "&" வேலி.

"அண்ணாமலை & சன்ஸ்" என்ற பெயரை வேஷம் போடாமல் அதில் சேர்த்தால் என்ன ஆகும்? "அண்ணாமலை" என்பதோடு பெயர் முடிந்துவிடும். "சன்ஸ்" என்பது அர்த்தம் இல்லாத தனி விவரமாகத் தொங்கும். பணம் கொடுப்பவர் போனில் பார்க்கும் பெயர் வேறு. கடைப் பலகையில் உள்ள பெயர் வேறு. "இது சரியான கடைதானா?" என்று அவர் சந்தேகப்படுவது நியாயம்தானே?

பெயர் அறுவதோடு போனால் பரவாயில்லை. பெயர் எழுதும் பெட்டியில் விஷமி ஒருவன் "ராமு&தொகை=1" என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் அதை அப்படியே விலாசத்தில் ஒட்டினால், அதில் தொகை இரண்டு தடவை வரும். ஒன்று கடைக்காரர் போட்டது. மற்றது விஷமி போட்டது.

எதை எடுத்துக்கொள்வது? இதில் கம்ப்யூட்டர் மொழிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பி.எச்.பி. என்ற மொழி கடைசியில் வந்ததை எடுக்கும். ஜாவா முறை முதலில் வந்ததைக் கொடுக்கும். மைக்ரோசாப்டின் பழைய முறை இரண்டையும் சேர்த்து, நடுவே கமா போட்டுக் கொடுக்கும். வாசலில் இருப்பவர் ஒன்றைப் படிக்க, உள்ளே இருப்பவர் வேறொன்றைப் படித்தால் கணக்கு என்ன ஆவது? 2009-ல் இத்தாலிய நிபுணர்கள் இருவர் இந்த ஆபத்தை மேடையிலேயே விளக்கிக் காட்டினார்கள்.

மாயமாய் மறையும் கூட்டல் குறி

கூட்டல் குறியின் கதை இன்னும் விசித்திரமானது.

படிவங்களில் எழுதியதை விலாசமாக மாற்றும்போது வெற்றிடத்துக்குப் பதிலாக "+" போடுவது என்று 1990-களில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அது இன்றும் இருக்கிறது. அதனால், நிஜமான "+" வந்தாலும் படிக்கும் கம்ப்யூட்டர் அதை வெற்றிடம் என்றே எண்ணிக்கொள்ளும்.

இந்தியாவின் டெலிபோன் எண்கள் +91 என்று ஆரம்பிக்கின்றன. வேஷம் போடாமல் அனுப்பினால் "+" மறைந்து, முன்னால் ஒரு வெற்றிடம் நிற்கும். எண் செல்லாது என்று பதில் வரும். இந்திய நேரம் +05:30 என்று குறிக்கப்படுகிறது. அதில் "+" போனால், நேரமே புரியாமல் புரோகிராம் திண்டாடும். "சி++" என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றித் தேடினால் "சி" பற்றி மட்டும் விடை வரும்.

விலாசத்தின் வழிப் பகுதியிலோ இந்த வழக்கம் கிடையாது. அங்கே "+" என்றால் "+"தான். ஒரே விலாசத்தில், ஒரே குறிக்கு, இடத்துக்கு ஒரு பொருள்!

வேஷத்துக்கு மேல் வேஷம்

மறப்பது ஒரு குற்றம் என்றால், இரண்டு தடவை செய்வது இன்னொரு குற்றம்.

சதவிகிதக் குறிக்கே ஒரு வேஷம் உண்டு. அது %25. ஏற்கனவே மாற்றிய %20-ஐ இன்னொரு புரோகிராம் மறுபடியும் மாற்றினால் அது %2520 ஆகும். மூன்றாம் தடவை மாற்றினால் %252520! போய்ச் சேரும் இடத்தில் ஒரு தடவைதான் வேஷம் கலைப்பார்கள். "மதுரை மீனாட்சி" என்று வரவேண்டிய இடத்தில் "மதுரை%20மீனாட்சி" என்று வந்து நிற்கும். சினிமா டிக்கெட்டிலும், பார்சல் சீட்டிலும் இப்படிப்பட்ட எழுத்துகளைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

தமிழுக்கு ஒன்பது பங்கு இடம்

இனி, தமிழர்கள் தினமும் பார்க்கும் தொல்லைக்கு வருவோம்.

தமிழ்ச் செய்தி ஒன்றின் லிங்க்கை நண்பருக்கு அனுப்பினால், தமிழ் எழுத்துகளைக் காணோம். சதவிகிதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நாலு வரி நீளத்துக்கு ஏதோ போய்ச் சேருகிறது. தமிழ் எங்கே போனது?

ஆங்கில எழுத்துகளை 128 இடங்களுக்குள் அடக்கிய "ஆஸ்கி" என்ற பட்டியல் அமெரிக்காவில் 1963-ல் வந்தது. அதில் தமிழுக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் அல்லாத எந்த லிபிக்கும் இடம் கிடையாது. விலாச விதிகள் அந்தப் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டன.

பிறகு, உலக லிபிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் "யூனிகோட்" பட்டியல் 1991-ல் வெளியானது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அந்த எண்களைக் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைக்கும் முறை ஒன்றை 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உருவாக்கினார்கள். நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அதை எழுதினார்களாம். "யு.டி.எப்.-8" என்று அதற்குப் பெயர். இன்று வெப் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முறையில்தான் இருக்கின்றன.

அந்த முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு "பைட்" போதும். கிரேக்கம், ரஷ்யம், அரபி எழுத்துகளுக்கு இரண்டு. தமிழுக்கு மூன்று. விலாசத்தில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவிகிதக் குறி, இரண்டு எண் குறிகள். ஆக, ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு ஒன்பது இடம்!

கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரச் சுழி, ழ, புள்ளி என்று ஐந்து. விலாசத்தில் அது 45 இடம் பிடிக்கும். "திருவள்ளுவர்" என்று எழுதினால் 108! ஆங்கிலத்தில் அதே பெயரை எழுதினால் 13-ல் முடிந்துவிடும்.

தலைப்பு பாதியில் நிற்கும்

நீளம்தானே, போகட்டும் என்று விட முடியுமா? முடியாது.

உலகில் லட்சக்கணக்கான வெப் பக்கங்களை நடத்தும் "வேர்ட்பிரஸ்" என்ற புரோகிராம், தலைப்பில் இருந்து விலாசத்தைத் தானே தயாரிக்கும். அதை வைத்துக்கொள்ள அது வழக்கமாக ஒதுக்கும் இடம் 200.

"தமிழ்நாட்டில் பலத்த மழை" என்று ஒரு தலைப்பு. மூன்றே சொற்கள். அதற்கே 191 இடம் தீர்ந்துவிடும். சொல்லுக்குச் சொல் போடும் சிறு கோட்டையும் கழித்தால் மீதி எட்டு. நான்காவது சொல்லின் முதல் எழுத்துக்குக்கூட இடம் இல்லை! இன்னொரு நாளும் இதே மூன்று சொற்களோடு செய்தி வந்தால், வால் அறுந்து, எண் ஒட்டிய விலாசம்தான் அதற்குக் கிடைக்கும்.

எஸ்.எம்.எஸ். செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 வரை போகும். அதில் திருவள்ளுவர் பெயர் தாங்கிய விலாசத் துண்டு மட்டுமே 108-ஐ விழுங்கிவிடும்.

இதன் விளைவு என்ன? தமிழ்ப் பத்திரிகைகளும் தமிழ்ப் பக்கங்களும் விலாசத்தை ஆங்கில எழுத்திலேயே எழுதுகின்றன. அல்லது, சுருக்கு விலாசங்களை அனுப்புகின்றன. சுருக்கு விலாசத்தைப் பார்த்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது. திருடனுக்கும் அதுதானே வேண்டும்!

ஒரே எழுத்து, இரண்டு உருவம்

தமிழுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு.

"கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேர்த்து வைக்கலாம். "க" என்பதோடு ஒகரத்துக்கு உரிய ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. விலாசத்தில் முதலாவது 18 இடம் பிடிக்கும், இரண்டாவது 27.

ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் 2017 வரை வழக்கத்தில் இருந்த அடுக்கு முறை, பைல் பெயர்களில் இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே வைத்தது. அங்கே "கொடைக்கானல்" என்று பெயரிட்ட படத்தை வேறு வகைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, சாதாரண கீ-போர்டில் அதே பெயரை அடித்துத் தேடினால், "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வரக்கூடும். படம் அங்கேதான் இருக்கும்!

இதற்கு மருந்து உண்டு. எழுத்துகளை முதலில் ஒரே வகைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு விலாசமாக மாற்ற வேண்டும். 2005-ல் வெளியான பன்மொழி விலாச விதிகளிலேயே இந்த யோசனை சொல்லப்பட்டிருக்கிறது.

காவலாளியை ஏமாற்றிய வேஷம்

இதுவரை சொன்னது தொல்லை. இனிமேல் வருவது ஆபத்து.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால், "ஒரு படி மேலே போ" என்று அர்த்தம். பொதுஜனங்களுக்கு என்று ஒதுக்கிய அறையில் இருந்து இப்படிப் படிப்படியாக மேலே ஏறினால், ரகசிய அறைகளுக்குப் போய்விடலாம். அதனால் வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்று குறிகளும் சேர்ந்து வந்தால் உள்ளே விடக்கூடாது.

ஆனால் சாய்கோடு வேஷம் போட்டுக்கொண்டு வந்தால்?

மைக்ரோசாப்ட் கம்பெனியின் "ஐ.ஐ.எஸ்." என்ற புரோகிராமில் இதுதான் நடந்தது. ஒரு பைட்டில் எழுதவேண்டிய சாய்கோட்டை, விதிக்குப் புறம்பாக இரண்டு பைட்டில் நீட்டி எழுதினார்கள். வாசலில் நின்ற காவலாளிக்கு அது சாய்கோடு என்று தெரியவில்லை. உள்ளே இருந்த குமாஸ்தாவோ அதைச் சாய்கோடு என்றே படித்தார். கதவு திறந்துகொண்டது! 2000 அக்டோபரில் அந்தக் கம்பெனி இதற்கு மருந்து வெளியிட்டது.

ஆனாலும் பலர் அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளவில்லை. 2001 செப்டம்பர் 18-ந் தேதி "நிம்டா" என்ற கம்ப்யூட்டர் புழு கிளம்பியது. அது நுழைந்த வழிகளில் இந்த ஓட்டையும் ஒன்று. வேஷத்தை இரண்டு தடவை கலைக்கும் இன்னொரு கோளாறும் அதற்கு உதவியது. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்கள் தடுமாறின.

இருபது வருஷம் ஆயிற்று. பாடம் படித்தார்களா?

2021-ல் "அப்பாச்சி" என்ற புகழ்பெற்ற புரோகிராமின் 2.4.49-ம் பதிப்பில் அதே நோய் தலைகாட்டியது. இந்தத் தடவை வேஷம் போட்டது சாய்கோடு அல்ல, புள்ளி. அக்டோபர் 4-ந் தேதி மருந்து வந்தது. அந்த மருந்தும் போதவில்லை. புள்ளி இரட்டை வேஷத்தில் வந்தால் மறுபடியும் உள்ளே போக முடிந்தது. மூன்றே நாளில், 7-ந் தேதி, மறுபடியும் மருந்து!

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்கினால், அங்கே தரை சரியில்லை என்றுதானே பொருள்?

"@" செய்யும் ஆள்மாறாட்டம்

புரோகிராமை ஏமாற்றுவது ஒரு வகை. படிக்கிற மனிதரையே ஏமாற்றுவது இன்னொரு வகை.

விலாசத்தில் "@" குறிக்கு முன்னால் வருவது, நுழைகிறவரின் பெயர். பின்னால் வருவதுதான் நிஜமான வீடு. இதைப் பயன்படுத்தி, முன்னால் பெரிய பாங்கியின் பெயரையும் பின்னால் தங்கள் கம்ப்யூட்டரின் பெயரையும் மோசடிக்காரர்கள் எழுதினார்கள். பார்ப்பவர் கண்ணுக்குப் பாங்கி தெரியும். போய்ச் சேருவது திருடன் வீடு.

2003 டிசம்பரில் இன்னொரு தந்திரமும் வெளிப்பட்டது. "@" குறிக்கு முன்னால் %01 என்று சேர்த்தால், மைக்ரோசாப்டின் அன்றைய எக்ஸ்புளோரர் பின்பகுதியைக் காட்டாமலே மறைத்துவிட்டது. 2004 பிப்ரவரியில் இதற்கு மருந்து வந்தது. வெப் விலாசங்களில் அந்தப் பெயர்ப் பகுதியை ஏற்பதையே அப்போது எக்ஸ்புளோரர் நிறுத்திக்கொண்டது.

லிபி மாறாட்டமும் உண்டு. ரஷ்ய எழுத்துகள் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றும். 2002-ல் இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இருவர், மைக்ரோசாப்ட் பெயரில் இரண்டு எழுத்தை ரஷ்ய எழுத்தாக மாற்றி, அதைப் பதிவும் செய்து காட்டினார்கள். 2017 ஏப்ரலில் சூடோங் ஜெங் என்ற நிபுணர், ஆப்பிள் கம்பெனியின் பெயரை முழுக்க முழுக்க ரஷ்ய எழுத்திலேயே எழுதிக் காட்டினார். பார்ப்பவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு கூகுளின் "குரோம்" தன் காவலைப் பலப்படுத்திக்கொண்டது.

தமிழிலும் இதற்கு இடம் உண்டு. ஒன்று என்ற தமிழ் எண்ணும் "க" எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். ஏழுக்கும் "எ" எழுத்துக்கும், எட்டுக்கும் "அ" எழுத்துக்கும் அதே கதைதான்.

தமிழிலேயே விலாசம் உண்டு

அதனால் தமிழே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது.

நாட்டுப் பெயர்களைச் சொந்த லிபியில் வைத்துக்கொள்ள, இன்டர்நெட்டுப் பெயர்களை மேற்பார்க்கும் "ஐகான்" அமைப்பு 2009-ல் வழிவிட்டது. 2010-ல் எகிப்து, சவூதி அரேபியா முதலிய நாடுகள் அரபியில் பெயர் பெற்றன. தமிழில் இன்று ".இந்தியா", ".இலங்கை", ".சிங்கப்பூர்" மூன்றும் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் பெயருக்குச் சதவிகித வேஷம் போடுவதில்லை. அதற்கு 2003-ல் வகுத்த "பியூனிகோட்" என்ற தனி வேஷம் இருக்கிறது. ஆக, ஒரே தமிழ் விலாசத்தில் பெயருக்கு ஒரு வேஷம்; வழிக்கு வேறொரு வேஷம். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய புரோகிராம்கள், தமிழ் விலாசத்தையும் தமிழ் ஈமெயிலையும் "செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிடுகின்றன. எல்லா மொழி விலாசங்களையும் எல்லாப் புரோகிராமும் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்த, 2023 மார்ச் 28-ந் தேதி உலகத்தில் முதல் தடவையாக ஒரு தினமே கொண்டாடினார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு நிபுணர்கள் சொல்லும் வழிகள் எளியவை.

1. விலாசத்தைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வேஷம் போட வேண்டும். பிறகுதான் வேலி போட்டுச் சேர்க்க வேண்டும். முழு விலாசத்தையும் சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றினால், வேலி எது, பெயர் எது என்று தெரியாது. ஜாவா ஸ்கிரிப்ட் மொழியில் இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. "என்கோட் யூ.ஆர்.ஐ." என்பது முழு விலாசத்துக்கு; அது "&" குறியைத் தொடாது. "என்கோட் யூ.ஆர்.ஐ. காம்பொனென்ட்" என்பதுதான் துண்டுகளுக்கு. பல தவறுகளுக்கு, முன்னதைப் பின்னதன் இடத்தில் போடுவதே காரணம்.

2. வேஷம் போடுவது ஒரே தடவை. கலைப்பதும் ஒரே தடவை.

3. படிக்கும்போது முதலில் வேலியைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதன் பிறகே வேஷத்தைக் கலைக்க வேண்டும்.

4. காவல் சோதனை, வேஷம் கலைந்த பிறகு நடக்க வேண்டும். வேஷத்தோடு சோதித்து உள்ளே விட்டுவிட்டு, பிறகு கலைத்துப் பார்ப்பது, திருடனை வரவேற்று உட்காரவைத்துப் பெயர் கேட்பது போல.

5. தமிழ் எழுத்தை ஒரே வகைக்குக் கொண்டுவந்து, யு.டி.எப்.-8 முறையிலேயே மாற்ற வேண்டும். நீள எல்லை வைக்கும்போது தமிழுக்கு ஒன்பது பங்கு இடம் தேவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். இரட்டைக் கோட்டுக்குப் பிறகு, முதல் ஒற்றைக் கோடு வரை உள்ள பகுதிதான் வீட்டுப் பெயர். அந்தப் பெயரை வலப்புறம் இருந்து படிக்க வேண்டும். கடைசியில் இருப்பதே உண்மையான சொந்தக்காரர். அங்கே "@" குறி இருந்தால், அதைத் தொடவே கூடாது. சந்தேகம் வந்தால், பாங்கியின் விலாசத்தைத் தாமே அடித்துத் திறப்பதே நல்லது.

யார் பொறுப்பு?

இந்தக் கருவிகள் எல்லாம் கம்ப்யூட்டர் மொழிகளிலேயே தயாராக இருக்கின்றன. தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. பயன்படுத்துவதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

ஆனாலும் தவறு தொடர்கிறது. காரணம், புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பவர்கள் "ராம்", "ஜான்" என்று நாலு ஆங்கில எழுத்தில் பெயர் அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "அண்ணாமலை & சன்ஸ்" என்றோ, +91 என்றோ, "கொடைக்கானல்" என்றோ ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தால் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.

சர்க்கார் ஆபீசுகளும், பாங்கிகளும், ஆஸ்பத்திரிகளும் பொதுமக்களை இன்டர்நெட்டுக்கு வரச் சொல்லுகின்றன. அப்படி வருகிறவர் தம் பெயரைத் தம் மொழியில் எழுதினால் அது முழுதாகப் போய்ச் சேர வேண்டும். திருடன் எந்த வேஷத்தில் வந்தாலும் வாசலிலேயே பிடிபட வேண்டும். புதிய புரோகிராமை ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு அதிகாரியும் இந்த மூன்று பெயர்களை அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.